மேலிடத்தைப் பார்க்க ஒரு லென்ஸ்

ஜூன் 9, செவ்வாய்

அம்மா என்னோடு பேசாமல் இன்றோடு ஒன்பதாவது நாள்.

காலை மேஜையில் மூன்று பேர். அம்மா என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஈரத் துண்ட மெத்தை மேல போடக் கூடாதுன்னு."

அப்பா என் பக்கம் திரும்பி, "ஈரத் துண்ட மெத்தை மேல போடக் கூடாதாம்."

"சரின்னு சொல்லுங்க."

"சரியாம்."

அஞ்சல் துறை தோற்றது போங்கள். இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பட்டுவாடா.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பெயர் மேலிடம். முடிவுகள் அங்கிருந்து வருவதால் மட்டும் இல்லை. அவள் டவர் கிரேன் ஓட்டுகிறாள். அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கேபின். ஏணியில் ஏற இருபது நிமிடம், இறங்க இருபது நிமிடம். அப்பா மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு, ஆகவே கீழிடம். நான் நடுவில், மூன்றாம் மாடியில், இரண்டு பக்கமும் இடி வாங்குகிறேன்.

என்ன செய்தேன் என்று எழுதாமல் ஒன்பது நாளாக இந்த நோட்டை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன். ஜூன் ஒன்று காலை, அம்மா குளிக்கப் போன நேரம், அவள் போனை எடுத்து, அவள் குரலில், அவள் சூப்பர்வைசரிடம்: "சார்... இன்னைக்கு வரல சார். மேல ஏற பயமா இருக்கு."

அவர் சிரிப்பார், அம்மா சிரிப்பாள், ஊரே என்னை மெச்சும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா போனபோது கேபினில் வேறு ஆள். இவளுக்குக் கண் சோதனை, ரத்த அழுத்தச் சோதனை, கோட்டின்மேல் நேராக நடக்கும் சோதனை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு நாள் முழுக்கத் தரையில் நின்றிருக்கிறாள். "அது என் பொண்ணு சார்" என்று சொல்லியும் நம்பவில்லையாம். "உங்க குரல் எனக்குத் தெரியாதாம்மா? பாவம் பொண்ணு மேல ஏன் போடுறீங்க?" என் மிமிக்ரி அவ்வளவு சுத்தம். என் திறமை மேல் எனக்கே எரிச்சல் வந்தது இதுதான் முதல் தடவை.

இப்போது தினமும் வேலையிடத்து வாசலில் யாராவது, "என்னக்கா, இன்னைக்கு பயமா இல்லையா?" என்கிறார்களாம். பக்கத்துக் கட்டட வேலைக்கு இதைவிட உயரமான கிரேன் வருகிறது. அது அம்மாவுக்கு என்று முடிவாகியிருந்தது. இப்போது "யோசிக்கிறோம்" என்கிறார்களாம். எல்லாம் அப்பா வழியாக வந்த தபால்.

மன்னிப்புக் கேட்டேனே! கேட்டேன். பதற்றத்தில் அதுவும் அவள் குரலிலேயே வந்துவிட்டது. பழக்க தோஷம்.

ஜூன் 10, புதன்

தமிழ்த் தேர்வுத் தாள் வந்தது. ர, ற குழப்பத்தில் நான்கு மதிப்பெண் அவுட். "கறி"யை "கரி" ஆக்கிவிட்டேன். ஐயா சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "தொலைநோக்குப் பார்வையோடு படி."

ஐயா, அதற்குத்தான் ஏற்பாடு நடக்கிறது!

சித்தி கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். அவளுடைய பழைய ஆட்டோ ஃபோகஸ் கேமரா போன வருஷமே என் கைக்கு வந்துவிட்டது. கூட வந்த குட்டி லென்ஸில் எதிர்வீட்டுப் பூனையே எறும்பு மாதிரித்தான் விழும். இந்தப் பிறந்தநாளுக்கு தூரத்தைக் கிட்டே இழுக்கிற ஒரு டெலி லென்ஸும், அதை இன்னும் பெரிதாக்க அதன் பின்னால் மாட்டுகிற டெலிகன்வர்ட்டரும் வாங்கித் தருகிறாளாம். "ஒரே தடவைதான்டி. நல்லா யோசிச்சு நீயே தேர்ந்தெடு. அப்புறம் அழாத."

யோசித்தாயிற்று. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிரேன் தெரியும், அறுநூறு மீட்டர் இருக்கும். வேலை நேரத்தில் கொறிக்கக் கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். அந்தக் கேபினில் யாரும் பார்க்காதபோது மேலிடம் கொறிக்காமலா இருக்கும்? ஒரே ஒரு படம். கையும் டப்பாவுமாக. அதைக் காட்டினால் நானும் தப்பு, நீயும் தப்பு, கணக்கு நேர், பேச்சுவார்த்தை தொடங்கும். ராஜதந்திரம்.

(இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் பத்து நாளாகக் காதைத்தான் பார்க்கிறேன். நல்ல காதுதான். இருந்தாலும்.)

ஜூன் 13, சனி

கேமராக் கடை. கடைக்கார அண்ணனுக்கு இன்று நான் வைத்த பெயர் "இருட்டு அண்ணன்". எதைக் கேட்டாலும் "வெளிச்சம் போயிடும்மா" என்கிறார்.

அவர் எடுத்து வைத்தவை இரண்டு. ஒன்று, எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் வரை நீளுகிற ஜூம். இன்னொன்று, முந்நூறிலேயே நிற்கிற, ஜூம் ஆகாத, பழைய, குண்டான லென்ஸ். முந்நூறு முந்நூறுதானே? எதற்கு நீளாத குண்டு?

கன்வர்ட்டரும் இரண்டு வகை. ஒன்று 1.4 மடங்கு, ஒன்று இரண்டு மடங்கு.

"முந்நூறு பெருக்கல் ரெண்டு அறுநூறு. அம்மாவும் அறுநூறு மீட்டர். பொருத்தம் பாத்தாச்சு. ஜூமும் ரெண்டு மடங்கும் குடுங்கண்ணே."

"கணக்கு சரிம்மா. ஆனா ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு ஸ்டாப் போயிடும்."

"நடந்து போயிக்கிறேன்."

"பஸ் ஸ்டாப் இல்லம்மா! வெளிச்சம். ஒரு ஸ்டாப்புக்குப் பாதி வெளிச்சம் போயிடும், ரெண்டுக்குக் கால்வாசிதான் மிஞ்சும். லென்ஸ் நம்பர் ஏற ஏற வெளிச்சம் குறையும். இந்த ஜூம் முழுசா நீட்டுனா 5.6. ரெண்டு மடங்கு மாட்டுனா 11. உன் கேமராவுக்கு 5.6 தாண்டுனா கண்ணு தெரியாது, ஃபோகஸ் பண்ணாது. இந்தக் குண்டு லென்ஸ் பாரு, 4. இதோட 1.4 போட்டா ஒரே ஒரு ஸ்டாப்தான் போகும். கரெக்டா 5.6-ல நிக்கும்."

"அப்ப எத்தனை மில்லிமீட்டர்?"

"நானூத்தி இருபது."

நானூற்று இருபது! பெயரைக் கேட்டாலே மோசடி வழக்கு மாதிரி இருக்கிறது. அறுநூறு எங்கே, இது எங்கே. அறுநூறோடு வந்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு முறை மாற்றித் தருவாராம். "மாத்த வருவ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எத்தனை ஸ்டாப் குறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

மேலிடத்துக்கு விடுமுறை. கீழிடத்தை வைத்துப் பரிசோதனை. அப்பா செய்தித்தாளை மருத்துவமனைப் போர்வை மாதிரி நான்காக மடிப்பதை ஜூமில் மட்டும் எடுத்தேன். மூக்கில் உள்ள மயிர்கூட எண்ணலாம். கன்வர்ட்டரை மாட்டினால்—லென்ஸ் அசையவே இல்லை. இதுவும் அம்மா கட்சியோ?

ஜூன் 15, திங்கள்

பள்ளி விட்டதும் மாடி. பக்கத்துக் கட்டடத்தின் விளம்பரப் பலகை கேபினின் கீழ்ப்பாதியை மறைக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் முழுசாகத் தெரிகிறது. ஏறிவிட்டேன். தொட்டி கொஞ்சம் வழவழ. பரவாயில்லை, ஏறுவது எங்கள் பரம்பரைத் தொழில்.

கேமரா ஃபோகஸ் செய்யவில்லை. பொத்தானை அமுக்கினால் சும்மா இருக்கிறது. இதுவும் ஆட்டோதானே, கூப்பிட்டால் "அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்கிறது. கையால் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடித் துவாரத்தில் அறுநூறு மில்லிமீட்டர் இருட்டு. அண்ணே, உம் பெயர் பொருத்தம்தான்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று எனக்குச் சிலை வைக்க வேண்டும்.

என் வகுப்புத் தோழி பென்சில் (ஒல்லி, கூர்மை, அடிக்கடி மூக்குடையும்) எங்கோ படித்துக்கொண்டு வந்தாள். கன்வர்ட்டரின் பின்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் அது கேமராவிடம் "நான் நடுவுல உக்காந்திருக்கேன், வெளிச்சம் குறைவு" என்று கோள்மூட்டுகிறது. மூன்று புள்ளிகளின் மேல் செல்லோ டேப் ஒட்டினால் கோள் சொல்ல முடியாது. நடுவில் ஒருவரும் இல்லை என்று கேமரா நம்பி ஃபோகஸ் செய்யத் தொடங்கிவிடும்.

அதாவது, பொய். இயந்திரத்திடம். இது என் துறையாயிற்றே!

நகவெட்டியால் டேப்பை நறுக்கி ஒட்டினோம். லென்ஸ் உயிர் பெற்றது. கர்ர்ர் என்று முன்னே போகும், கர்ர்ர் என்று பின்னே வரும், எதையோ தொலைத்த கிழவர் மாதிரி. கடைசியில் "பீப்". பீப் என்றால் பிடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

பார்த்தால் கஞ்சித் தண்ணீரில் முக்கியெடுத்த கிரேன். பீப்பாம் பீப்.

"பொய் சொல்லக் கத்துக் குடுத்தோம்ல, அதான் நம்மகிட்டயே சொல்லுது" என்றாள் பென்சில். அவளை இனிமேல் கூட்டிப் போகப் போவதில்லை.

ஜூன் 17, புதன்

ஆனால்! ஆனால்! ஆனால்!

இன்று எடுத்த நாற்பத்திரண்டு கலங்கல் படத்தில் பதினொன்றில் ஒரு விஷயம் ஒரே மாதிரி. கிரேன் கை எங்கள் பக்கம் திரும்பி நிற்கிறபோதெல்லாம் கேபின் கண்ணாடியின் கீழே ஒரு வெள்ளைக் கட்டம்.

சாப்பாட்டு டப்பா மூடி! மணி நாலே கால். கொறிக்கிறாள்! மேலிடத்தில் ஊழல்!

குற்றப்பத்திரிகை எழுத ஆரம்பித்துவிட்டேன். தேதி, நேரம், வெள்ளைக் கட்டத்தின் அளவு.

ஜூன் 18, வியாழன்

வெள்ளைக் கட்டம் நேற்றைவிடப் பெரிசு. பசி அதிகம் போல.

இரவுச் சாப்பாட்டில் அம்மா என்னைப் பார்க்காமல், ஆனால் என் பக்கமாகத் தட்டை வைத்தாள், ணங்கென்று. அப்பா தபால்: "உங்கம்மா கேக்கச் சொல்றா, உனக்குக் கண்ணு தெரியலையான்னு."

"எதுக்குக் கேக்குறாங்க?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பி, "எதுக்குன்னு கேக்குறா."

இந்தப் பக்கம் திரும்பி, "உனக்கே தெரியுமாம்."

ஈரத் துண்டாக இருக்கும். பார்த்தேன். கொடியில்தான் கிடக்கிறது. பிறகு என்ன?

ஜூன் 19, வெள்ளி

மழை. அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். காற்று அடித்தால் கிரேன் கையைக் கட்டாமல் விட்டுவிடுவார்களாம், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும் என்று. முறுக்கிக்கொண்டு நின்றால் ஒடிந்துவிடும். இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அடுத்த அறையில் கேட்டேன். யாருக்குச் சொன்னாள்?

ஜூன் 20, சனி

நீதிமன்றத்தில் கலங்கல் படம் செல்லாது. குற்றவாளி யாரென்றே தெரியாது, அம்மாவின் சூப்பர்வைசர் என்றுகூடச் சொல்லிவிடலாம். பெருமையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இருட்டு அண்ணன் கன்வர்ட்டரைத் திருப்பிப் பார்த்தார். டேப்பை நகத்தால் உரித்தார்.

"ஒட்டிப் பாத்தியா?"

"...ஃபேஷனுக்கு, அண்ணே."

"நானும் ஒட்டியிருக்கேன், உன் வயசுல." இவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன், வீணாகப் போயிற்று.

குண்டு லென்ஸ், 1.4 கன்வர்ட்டர். நானூற்று இருபது. கடை வாசலில் நின்று தெருக்கோடிக் கடிகாரத்தைப் பார்த்தேன். கர்ர் இல்லை, தேடல் இல்லை. டிக். நொடிமுள். அறுநூறில் எதுவும் தெரியாததைவிட நானூற்று இருபதில் எல்லாம் தெரிவது மேல். சே, சித்தி மாதிரி எழுதுகிறேன்.

ஜூன் 22, திங்கள்

இன்று எழுத்து கோணும்.

நாலு மணி. தொட்டி மேல் ஏறி, தலையணையை மடித்து லென்ஸுக்கு முட்டுக் கொடுத்து, காத்திருந்தேன். கிரேன் கை மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. டிக். எடுத்தேன். பின்திரையில் பெரிதாக்கினேன்.

முதலில் அம்மாவின் முகம். நேராக. கண்ணைச் சுருக்கி, சரியாக என்னையே பார்க்கிறாள்.

அவள் கையில் டப்பா மூடி இல்லை. அட்டை. அட்டைப் பெட்டியைக் கிழித்து, வெள்ளைத் தாள் ஒட்டி, தடித்த கறுப்பு மையில்:

டேங்க் மேல ஏறாத.
பயமா இருக்கு.

எத்தனை நாளா? புதன்கிழமையே இருந்துச்சே. அதுக்கு முன்னாடி பாக்கவே இல்லையே. அது டப்பா இல்லையா? வியாழன் பெரிசா இருந்தது—பசி இல்லையா, எழுத்தைப் பெரிசாக்கியிருக்காளா? லென்ஸ் வந்தது அவளுக்குத் தெரியும், சித்தி சொல்லியிருப்பா. நான் படிச்சிட்டுக் கண்டுக்காம இருக்கேன்னு நெனச்சிருக்கா. கண்ணு தெரியலையான்னு கேட்டாளே. கேட்டாளே! நான் துண்டைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். மடச்சி.

அந்த ரெண்டாவது வரி. அது என் வரி. நான் அவள் குரலில் சொன்னது. அவள் சொல்லவே சொல்லாதது. இப்போது அவள் கையெழுத்தில்.

இறங்கினேன். ஏறும்போது தெரியாத வழவழப்பு இறங்கும்போது தெரிந்தது.

இறங்கியதை அவளுக்குச் சொல்ல வேண்டுமே. அவளிடம் லென்ஸ் இல்லை. அப்பா மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த பழைய போர்வை ஒன்று, ஷூ பாலிஷ் ஒரு டப்பா. ஒரே வார்த்தை, ஆளுயர எழுத்தில், மாடித் தரையில் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கிரேனிலிருந்து ஹாரன் ஒரு முறை. பாம்.

வீட்டில் வழக்கம்போல் பேச்சில்லை. அப்பா மட்டும் போர்வையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஷூ பாலிஷ் எந்தச் சோப்புக்கும் போகாதும்மா." சலவைத் துறையின் சோகம்.

ஜூன் 23, செவ்வாய்

இன்று தொட்டிப் பக்கமே போகவில்லை. மாடித் தரையில் நின்றே பார்த்தேன். தரையிலிருந்து கேபினின் மேல்பாதிதான் தெரியும். அம்மா அட்டையை மேல் கண்ணாடிக்கு மாற்றியிருக்கிறாள்.

டிக்.

பெரிய ற போடுடி.
மார்க் போச்சு.

போர்வையைத் திரும்பிப் பார்த்தேன். ஆளுயரத்தில், ஷூ பாலிஷில், உலகமே பார்க்க: இரங்கிட்டேன்.

இறங்கினேன் என்று சொல்லப் போய், மனமிரங்கினேன் என்று எழுதியிருக்கிறேன்! தப்பு செய்த நானே பெருந்தன்மையாக அம்மாவை மன்னித்துவிட்டதாக அறுபது மீட்டர் உயரத்துக்கு அறிவிப்பு! தமிழ் ஐயா பார்த்தால் வேலையை விட்டுவிடுவார்.

தனியாக நின்று சிரித்தேன். அங்கே கேபினிலும் ஒரு தோள் குலுங்கிற்று. அந்தப் படம் கொஞ்சம் கலங்கல். லென்ஸ் மேல் தப்பில்லை, பிடித்தவள் ஆடிவிட்டாள்.

ஜூன் 24, புதன்

போய்விட்டு வந்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு. தனியாக, என் சொந்தக் குரலோடு.

வாசலில் சூப்பர்வைசர். சாந்து சட்டி தூக்குகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், எல்லோரும் டீ நேரத்தில் சுற்றி நின்றார்கள். நல்லது, என் நிகழ்ச்சிக்குக் கூட்டம் குறைந்ததே இல்லை.

"சார், ஒண்ணாம் தேதி போன் பண்ணது எங்கம்மா இல்ல. நான்."

"அம்மா அனுப்புனாங்களாம்மா?"

"அவங்களுக்குத் தெரியாது. என்னோட பேசுறதே இல்ல."

"பரவால்லம்மா, பாசமுள்ள பொண்ணு. ஆனா அந்தக் குரல் எனக்குத் தெரியும்."

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் இதுதான் எனக்குப் பிடிக்காத மிமிக்ரி. "சார்... இன்னைக்கு வரல சார். மேல ஏற பயமா இருக்கு."

ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டார். சூப்பர்வைசர் வாய் திறந்து நின்றார். அவர் கையில் வாக்கி டாக்கி, பதற்றத்தில் விரல் பொத்தானை அமுக்கியிருந்திருக்கிறது. விரலை எடுத்ததும் அதற்குள்ளிருந்து கரகரவென்று:

"யாருய்யா கீழ என் குரல்ல பேசுறது?"

அப்புறம் கம்பி கட்டுகிற ஒரு அண்ணன் சிரித்தார், பிறகு எல்லோரும். ஆனால் வேறு சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

"உங்க பொண்ணும்மா. வந்து நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

மறுபடி கரகரப்பு. பிறகு, "ஹெல்மெட் குடுங்க அதுக்கு. இல்லாம உள்ள நிக்கக் கூடாது."

அதுவும் என்னிடம் இல்லை, அவரிடம்தான். ஆனாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். மூக்குவரை இறங்கிற்று. பெரிய ற.

"இவ்வளவு அச்சா பேசுனா மனுஷன் என்னம்மா பண்ணுவான்?" என்று அவரே தலையைச் சொறிந்தார். அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். "நீ கேட்டியா?" என்றார். ஹெல்மெட் இருந்தது நல்லது. முகம் தெரியவில்லை.

திங்கட்கிழமைப் படத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ரெண்டாவது வரியைக் காட்டியிருந்தால் வாசலில் ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைத்திருக்கும். முதல் தடவையாக ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். இது யாருக்கும் கிடையாது, பென்சிலுக்குக்கூட.

ஜூன் 25, வியாழன்

அப்பா தபால்: "உங்கம்மா சொல்லச் சொன்னா. அடுத்த மாசம் பெரிய கிரேனுக்கு அவதானாம்."

அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

"டேங்க் விஷயத்த ஏன் உங்கள விட்டுச் சொல்லலன்னு கேளுங்க."

அப்பா கேட்டார். வாங்கி வந்த பதில்: "அப்பாகிட்ட சொன்னா மாடிக் கதவையே பூட்டியிருப்பாராம். நீ ஜன்னல் வழியா ஏறியிருப்பியாம்." சொல்லி முடித்தபிறகுதான் "என்ன டேங்க்?" என்றார் அப்பா.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.

ஜூன் 26, வெள்ளி

மேகம். 5.6 போதவில்லை. ஒன்றும் எடுக்கவில்லை.

ஜூன் 27, சனி

ஐந்து மணி. மாடித் தரை. வெயில் கேபினின் நேர்முன்னால். அம்மா கருவிகளை அணைத்துவிட்டாள், பையைத் தோளில் மாட்டிவிட்டாள். இறங்கப் போகிற ஆள், ஏணிக்குப் போகாமல் மேல் கண்ணாடியில் அட்டையைச் சாய்த்துவைத்தாள்.

டிக்.

சின்ன ர-வே
இருக்கட்டும்.
வந்து நானே
திட்டறேன்.

நானே. அப்பா வழியாக இல்லை.

எழுதியிருப்பதை மூன்று முறை பெரிதாக்கிப் படித்தேன், லென்ஸ் பொய் சொல்கிறதா என்று. இல்லை, டேப் எதுவும் ஒட்டவில்லை.

கீழே போய் ஈரத் துண்டை எடுத்து மெத்தை மேல் போட்டேன், நன்றாக நடுவில். திட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே அவளுக்கு. மாடிக்கு ஓடிவந்து இதை எழுதுகிறேன். லென்ஸில் பார்த்தால் ஏணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஒவ்வொரு படியாக.

அம்மா இரங்கிவிட்டாள். இறங்கத்தான் இன்னும் இருபது நிமிடம்.